துணிச் சீட்டு சொல்லாத செய்தி

சேலை எடுக்கப் போனால் நிறம் பார்க்கிறோம், கரை பார்க்கிறோம், விலை கேட்கிறோம். துணியோடு வரும் சிறு சீட்டைப் படிப்பவர் நம்மில் எத்தனை பேர்?

ஆலைத் துணியில் என்னென்ன இழை, நூற்றுக்கு எவ்வளவு என்று குறிக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டின் ஜவுளி (நுகர்வோர் பாதுகாப்பு) ஒழுங்குமுறை. நம் ஆரணியாருக்கு இதைவிடப் பழக்கமானது மத்திய பட்டு வாரியம் 2004இல் தொடங்கிய 'சில்க் மார்க்' சீட்டு. இது கட்டாயமில்லை, தூய பட்டு என்று உறுதி கூறுவதோடு இதன் வேலை முடிந்தது. 'ஆர்ட் சில்க்' என்ற பெயரில் ரேயானையும் பாலியெஸ்டரையும் விற்கும் காலத்தில் அதுவே பெரிய உதவிதான்.

சீட்டு இல்லாவிட்டாலும் நம் ஊரில் சோதனை உண்டு. ஓர் இழையை உருவிக் கொளுத்தினால், பட்டு முடி கருகும் வாடை வீசும். சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். காரணம் எளிது. பட்டு, முடியைப் போலப் புரதம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்ட பாலியெஸ்டரோ, தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பிளாஸ்டிக். நம் பெரியவர்கள் ஆசையாய் அணிந்த டெரிலின் இதுதான்.

இத்துணியைத் துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இழைத்துணுக்குகள் உதிர்கின்றன. பிளைமவுத் பல்கலைக்கழகத்தின் நேப்பரும் தாம்சனும் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, 6 கிலோ பாலியெஸ்டர் துணியை ஒருமுறை இயந்திரத்தில் துவைத்தால் ஏறத்தாழ 4,96,000 துணுக்குகள் வெளியேறக்கூடும். அக்ரிலிக் என்றால் 7 லட்சத்துக்கும் மேல். இவை சாக்கடை வழியே ஆற்றையும் கடலையும் அடைகின்றன. மீன் வயிற்றிலும் கிடைத்திருக்கின்றன.

இதைச் சீட்டிலேயே சொல்ல வேண்டும் என்று 2018இல் கலிபோர்னியாவில் ஒரு மசோதா வந்தது, நிறைவேறவில்லை. பிரான்சு துணிந்தது. எடையில் பாதிக்கு மேல் செயற்கை இழை கொண்ட ஆடை, துவைக்கும்போது பிளாஸ்டிக் நுண்ணிழைகளை வெளியேற்றுகிறது என்று வாங்குவோருக்குத் தெரிவிக்கும் கடமையைப் பெரிய நிறுவனங்களுக்கு 2023 முதல் விதித்தது. ஆனால் எந்தத் துணி எவ்வளவு உதிர்க்கும் என்று அவ்வாசகம் கூறுவதில்லை. நெருக்கமாக நெய்த துணிக்கும் உதிரும் துணிக்கும் ஒரே வாசகம் என்றால், நன்றாக நெய்பவனுக்கு என்ன ஊக்கம்?

எங்கள் வீட்டில் தறி இருக்கிறது. பாவும் ஊடையும் பட்டாக நெய்யும் என் தாயார் அன்றாடம் உடுப்பது பாலியெஸ்டர் சேலை. விலை குறைவு, சீக்கிரம் உலரும், பெட்டி போட வேண்டாம். அவரைப் போன்றவரைக் குற்றவாளியாக்கும் சீட்டு எனக்கு உடன்பாடில்லை. முதற்சில சலவைகளில்தான் இழைகள் மிகுதியாக உதிர்கின்றன. ஆகவே விற்குமுன் ஆலையே அலசி, அந்நீரை வடிகட்டலாம். அப்படி அலசியதா, எவ்வளவு உதிரும் என்பதைச் சதவீதத்திற்குக் கீழே ஒரு வரியாகச் சேர்க்க நம் 1988 விதியைத் திருத்தலாம். அந்த வரி தமிழிலும் இருக்கட்டும். என் தாயார் தமிழ்தான் படிப்பார்.