லிங்கநகர் ஒழுங்கைகளுக்குள் போகும் பிள்ளைகளுக்கு

தொழுநோய்க் களவேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாரே, இவ்வளவு காலம் இதே வேலை பார்த்த கிழவி சொல்கிறேன்.

1. பதிவேட்டில் பெண்களின் பெயர் குறைவென்றால் சந்தோஷப்படாதீர்கள். 2023இல் உலகம் முழுவதும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 180,000க்கு மேல்; அதில் பெண்கள் நூற்றுக்கு 40 பேர்தான். நோய் ஆண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரலாம். ஆனால் பார்க்கப்படாத பெண்களும் அந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறார்கள். ஆணின் முதுகுத் தேமலைக் கிணற்றடியில் நாலுபேர் காண்பார்கள். பெண்ணின் முதுகை யார் காண்பது?

2. விறாந்தையில் வைத்துப் பரிசோதிக்கவே கூடாது. பி.எச்.ஐ. எனும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பெரும்பாலும் ஆண்கள், மிஸ்ஸி என்று நாம் கூப்பிடும் மருத்துவமாதுகள் பெண்கள். தொழுநோய் ஐயாவின் வேலை, கர்ப்பவதி மிஸ்ஸியின் வேலை என்று பிரித்ததில் தேமல் உள்ள பெண் இருவர் கையிலும் அகப்படாமல் போகிறாள். மிஸ்ஸியைக் கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளறையில் கதவைச் சாத்தி, மாமியாரை வெளியே இருக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சை நூலாகத் திரித்துத் தேமலில் மெல்லத் தொடுங்கள். தொட்ட இடத்தை அவள் விரலால் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் அங்கே உணர்வில்லை; அன்றைக்கே கிளினிக்குக்குத் துண்டு எழுதுங்கள்.

3. கையைப் பாருங்கள். கொதிக்கிற சோற்றுப்பானையைத் துணியில்லாமல் இறக்கி வைத்துவிட்டு, பிறகுதான் கொப்புளத்தைக் காண்கிற பெண்கள் உண்டு. "அடுப்புச் சுட்டது" என்பார்கள். சுட்டபோது நொந்ததா என்று கேளுங்கள்.

4. மருந்து இலவசம், 6 மாதம், அல்லது 12 மாதம். அதிலுள்ள குளோஃபாசிமின் தோலைக் கறுக்கவைக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், கலியாணம் பேசுகிற வீட்டில் மருந்துப் பட்டை அலுமாரிக்குள்ளேயே கிடக்கும். மருந்து முடிந்து சில மாதங்களில் நிறம் மெல்ல மெல்லத் திரும்பும் என்பதையும் சொல்லுங்கள். கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் இந்த மருந்தை எடுக்கலாம். பிள்ளை பெற்ற பின் நரம்பு வீங்கி நொந்தாலோ கைகால் சோர்ந்தாலோ ஒருநாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். நரம்பு ஒருமுறை கெட்டால் மீட்பது கடினம்.

5. சமத்துவம் என்றால் பெண்களுக்கு மட்டும் என்று நினைக்கும் தம்பிமாருக்கு: நாட்கூலிக்காரனுக்குக் காலைக் கிளினிக் என்றால் ஒருநாள் சம்பளம் போச்சு. அவனுக்கு ஏற்ற நேரத்தையும் தேடுங்கள்.

6. போகிற வீட்டில் யானைக்காலையும் பாருங்கள். இலங்கையில் அது இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்லவென்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. ஆனால் வீங்கிய காலைச் சேலைக்குள் மறைத்து வாழும் அக்காமார் இன்னும் இருக்கிறார்கள். ஆணின் விதைவீக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை உண்டு. இவர்களுக்கு மிஞ்சியது தினமும் கால் கழுவிப் பராமரிப்பதுதான். அதைக் கற்றுக்கொடுக்கப் போங்கள்.

7. மட்டக்களப்பு மாந்தீவில் தொழுநோயாளரை ஒதுக்கி வைத்த காலத்தை ஊர் மறக்கவில்லை. தொழுநோய்க்கான கூட்டுமருந்துச் சிகிச்சை இலங்கைக்கு 1983இலேயே வந்துவிட்டது. அதைத் தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பரவுவது நின்றுவிடும். இருந்தும் புருஷன் வீட்டார் பெட்டியைக் கட்டி அனுப்புவது அனேகமாக மருமகளைத்தான். சுகாதார வாகனத்தை அவள் படலையில் நிறுத்தாதீர்கள். றோட்டில் விட்டுவிட்டு நடந்து போங்கள்.

8. மாத அறிக்கையில் ஆண், பெண் இரண்டு நிரல் போடுங்கள். கைகால் ஊனமான பிறகு வந்தவர்களையும் அப்படியே பிரித்து எழுதுங்கள். மேலிடம் கேட்காவிட்டாலும் எழுதி அனுப்புங்கள்.