முதலில் கிரவுண்ட், அப்புறம்தான் கரண்ட்

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கம் தறி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும்: பாவு பிணைக்கும்போது ஓர் இழை இடம் மாறினாலும் பிழை துணி முழுக்கத் தெரியும். எலெக்ட்ரானிக்ஸ் போர்டில் ஒரு பின் மாறினால் போர்டே போய்விடலாம்.

இங்கே ஐடிஐ, டிப்ளமோ முடித்தவர்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், எல்லை தாண்டி ஸ்ரீசிட்டி என்று வேலைக்குப் போகிறார்கள். டெஸ்டிங், ரிப்பேர் பிரிவில் நிலைக்க ஒரு திறமை போதும் என்றால், அது தெரியாத போர்டில் எந்தப் பின் எதற்கு என்று கண்டுபிடிப்பதுதான். தேவை ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு.

1. கண்ணால் படியுங்கள். கரண்ட் கொடுக்க வேண்டாம். ஒன்றாம் பின் பக்கத்தில் பெரும்பாலும் முக்கோணமோ புள்ளியோ இருக்கும். அடியில் பல போர்டுகளில் அதன் ஈயப்பற்று மட்டும் சதுரமாக இருக்கும். போர்டைத் திருப்பினால் இடம் வலமாகும். புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

2. இடைவெளியை அளங்கள். இரண்டு பின்னுக்கு நடுவே அளந்தால் ஏமாறுவீர்கள். பத்துப் பின் வரிசையில் முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடுவரை அளங்கள். 22.86 மி.மீ. என்றால் இடைவெளி 2.54, 18 என்றால் 2 மி.மீ. சரியான கனெக்டர் வாங்க இந்தக் கணக்கு வேண்டும்.

3. கிரவுண்டைப் பிடியுங்கள். மீட்டரைக் கன்டினியூட்டியில் வையுங்கள். ஒரு புரோப்பை யூஎஸ்பி சாக்கெட்டின் உலோகக் கூட்டில் வைத்து, மற்றதால் ஒவ்வொரு பின்னையும் தொடுங்கள். பீப் வருபவை பெரும்பாலும் கிரவுண்ட்.

4. இப்போது கரண்ட். மீட்டரை முதலில் டிசி வோல்ட்டுக்கு மாற்றுங்கள். கறுப்பு புரோப்பைக் கிரவுண்டில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, சிவப்பால் அளங்கள். 5, 3.3, 1.8 என எது வருகிறதோ அதை எழுதுங்கள். 3.3 வோல்ட் பின்னில் 5 வோல்ட்டைக் கொடுத்தால் சிப் கருகலாம்.

5. சீரியல் இணைப்பைக் குறுக்காக மாட்டுங்கள். இந்தப் பக்கம் அனுப்பும் பின், அந்தப் பக்கம் வாங்கும் பின்னுக்குப் போக வேண்டும். இரண்டு கிரவுண்டும் சேர வேண்டும்.

பழக ராஸ்பெர்ரி பை நல்ல போர்டு. 2014-ல் வந்த பி பிளஸ் மாடல் முதல் அதற்கு 40 பின் வரிசை. கரண்ட் இல்லாமல், பின் வரைபடத்தைப் பார்க்காமல், மீட்டரால் மட்டும் கிரவுண்டுகளைத் தேடுங்கள். 6, 9, 14, 20, 25, 30, 34, 39 என்று எட்டும் வந்தால் கை பழகிவிட்டது. கரண்ட் கொடுத்தபின் கவனம்: ஒன்றாம் பின் 3.3 வோல்ட், அதை ஒட்டிய இரண்டாம் பின் 5 வோல்ட். புரோப் வழுக்கி இரண்டையும் சேர்த்தால் போர்டு பாழாகலாம். எண்களிலும் ஒரு பொறி உண்டு: வரிசையில் எட்டாம் பின், புரோகிராமில் ஜிபிஐஓ 14. நோட்டில் இரண்டு எண்ணையும் எழுதுங்கள்.

இன்டர்வியூவில் தெரியாத போர்டைக் கையில் கொடுத்தால் அவசரப்பட்டுப் பின்களின் பெயரைச் சொல்லாதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் நம் பெரியவர்கள். "முதலில் கிரவுண்டைப் பார்க்கிறேன் சார், மீட்டர் கிடைக்குமா?" என்று கேளுங்கள். போர்டை நம்பிக் கொடுக்கலாம் என்று எதிரில் இருப்பவருக்கு அந்தக் கேள்வியே சொல்லிவிடும்.