சாலைச் சுங்க இல்லங்கள்: பாதுகாக்கப்பட வேண்டிய பொருளாதாரச் சான்றுகள்

சாலை அமைப்பதற்கும் அதைப் பேணுவதற்கும் ஆகும் செலவை யார் ஏற்பது? வரி செலுத்துவோர் அனைவருமா, அல்லது சாலையைப் பயன்படுத்துவோர் மட்டுமா? பொது நிதியியலில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் இவ்வினாவுக்கு ஒரு நாடு அளித்த விடை கல்லிலும் செங்கல்லிலும் இன்றளவும் நிற்கிறது. பிரிட்டனின் பழைய நெடுஞ்சாலை ஓரங்களில் காணப்படும் சிறிய சுங்க இல்லங்களே அவ்விடையாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

இங்கிலாந்தில் 1555ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாலைகளைச் செப்பனிடும் பொறுப்பு அந்தந்தப் பங்கு ஊர்களைச் சார்ந்ததாக இருந்தது. ஊர் மக்கள் ஆண்டுக்கு நான்கு நாள்கள் கூலியின்றி உழைக்க வேண்டும். 1563இல் இது ஆறு நாள்களாக உயர்த்தப்பட்டது. உள்ளூர்ப் போக்குவரத்துக்கு இம்முறை ஓரளவு போதுமானதாக இருந்தது. ஆனால், தொலைதூர வணிக வண்டிகளால் சிதையும் பெருஞ்சாலையை, அதனால் பயன் பெறாத ஊரார் ஏன் செப்பனிட வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. செலவு ஓரிடத்திலும் பயன் வேறிடத்திலும் சேர்ந்த இம்முரண்பாட்டைத் தீர்க்க, 1663இல் லண்டனிலிருந்து வடக்கே செல்லும் பெருஞ்சாலையின் ஒரு பகுதியில் சுங்கம் வசூலிக்க நாடாளுமன்றம் அனுமதியளித்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இம்முறை ‘டர்ன்பைக் டிரஸ்ட்’ என்னும் அமைப்பாக வளர்ந்தது. தனித்தனிச் சட்டங்களின் மூலம் நிறுவப்பட்ட இக்குழுக்கள், வரப்போகும் சுங்க வருவாயை ஈடாகக் காட்டிக் கடன் திரட்டிச் சாலைகளை மேம்படுத்தின. 1830களில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள், 30,000 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகளை நிர்வகித்து வந்தன. சுங்கம் வசூலிக்கும் உரிமை பெரும்பாலும் ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது.

கட்டட அமைப்பு உணர்த்துவது

சுங்க இல்லம் அலுவலகமாகவும் வசூலிப்பவரின் குடும்பம் வாழும் வீடாகவும் ஒருங்கே பயன்பட்டது. எந்த வேளையிலும் வண்டி வரலாம் என்பதால் அவர் சாலையை விட்டு அகல இயலாது. ஆகவே வீடு சாலை விளிம்பிலேயே கட்டப்பட்டது. பல இல்லங்களின் முகப்பு பல கோண வடிவில் சாலையை நோக்கித் துருத்திக்கொண்டிருக்கும்; அதன் பக்கச் சாளரங்கள் வழியாக இரு திசைகளிலும் வரும் வண்டிகளைக் காணலாம். முகப்பில் கட்டண விகிதப் பலகை பொருத்தப்பட்டிருக்கும். குதிரை வண்டி, மாட்டு மந்தை, ஆட்டு மந்தை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணம் அதில் குறிக்கப்பட்டிருந்தது. 1785 முதல் அஞ்சல் வண்டிகளுக்குச் சுங்கம் விலக்கப்பட்டது.

பொறியாளர் தாமஸ் டெல்போர்டு, லண்டனிலிருந்து வேல்சின் ஹோலிஹெட் துறைமுகம் வரை செல்லும் சாலையை மேம்படுத்தியபோது, அதில் சுங்க இல்லங்களையும் வடிவமைத்தார். ஆங்கில்சி தீவிலுள்ள லான்பேர்புல் ஊரின் எண்கோண இல்லம் அவற்றுள் ஒன்று. அதன் கட்டணப் பலகை இன்றும் காணக் கிடைப்பது குறிப்பிடத்தக்கது.

எதிர்ப்பும் வீழ்ச்சியும்

இக்கட்டடங்களை வெறும் அழகுச் சின்னங்களாகக் கருதுவது தவறாகும். தென்மேற்கு வேல்சின் சிறு விவசாயிகளுக்கு இவை துன்பத்தின் சின்னங்கள். அமில மண்ணைச் சீராக்கச் சுண்ணாம்பு ஏற்றிச் சென்ற அவர்கள், குறுகிய தொலைவிலேயே பல வாயில்களில் சுங்கம் செலுத்த நேர்ந்தது. 1839இல் எவைல்வென் என்னுமிடத்தில் சுங்க வாயில் தகர்க்கப்பட்டது. 1842, 1843ஆம் ஆண்டுகளில் கிளர்ச்சி பரவியது. பெண் வேடமணிந்த விவசாயிகள் இரவில் வாயில்களை உடைத்த இந்நிகழ்ச்சிகள் ‘ரெபெக்கா கலகங்கள்’ எனப்படுகின்றன. அரசு விசாரணைக் குழுவை அமைத்தது. 1844ஆம் ஆண்டுச் சட்டம் அப்பகுதிக் குழுக்களை ஒருங்கிணைத்து, சுண்ணாம்பு மீதான சுங்கத்தைப் பாதியாகக் குறைத்தது.

கலகத்தைக் காட்டிலும் பெரிய அடியை இருப்புப்பாதைகள் கொடுத்தன. தொலைதூரப் பயணிகள் ரயிலுக்கு மாறியதும் வருவாய் சரிந்தது. கடன் சுமை எஞ்சியது. குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1888ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் முதன்மைச் சாலைகளை மாவட்ட மன்றங்களிடம் ஒப்படைத்தது. 1895 நவம்பர் 1ஆம் நாள் ஆங்கில்சி சாலையில் சுங்கம் முடிவுற்றதோடு இம்முறை மறைந்தது.

பாதுகாப்பின் வழிகள்

குழுக்கள் கலைந்தபோது சுங்க இல்லங்கள் விற்கப்பட்டன. சாலைக்கு இடையூறாக இருந்தவை இடிக்கப்பட்டன, மற்றவை குடியிருப்புகளாயின. பின்னர் மோட்டார் வாகனங்கள் பெருகிச் சாலைகள் அகலப்படுத்தப்பட்டபோது மேலும் பல அழிந்தன. சாலையை ஒட்டி நிற்பதே இவற்றின் சிறப்பு. அழிவுக்குக் காரணமும் அதுவே.

பாதுகாப்புக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, இருந்த இடத்திலேயே தகுந்த பயன்பாட்டில் வைத்துப் பேணுவது. மக்கள் குடியிருக்கும் வீட்டுக்கு அரசின் பராமரிப்புச் செலவு மிகக் குறைவு. ஆயினும், பக்கச் சாளரத்தை அடைப்பது, பலகை மாடத்தைப் பூசி மறைப்பது போன்ற சிறு மாற்றங்களும் கட்டடத்தின் பொருளை அழித்துவிடும்; இவற்றைச் சட்டம் கட்டுப்படுத்த வேண்டும். இரண்டாவது, பெயர்த்தெடுத்து வேறிடத்தில் நிறுவுவது. 1771இல் அபெரிஸ்ட்வித் நகரில் கட்டப்பட்ட இல்லம் செயின்ட் பேகன்ஸ் அருங்காட்சியகத்திலும், டெல்போர்டின் ஷெல்டன் இல்லம் பிளிஸ்ட்ஸ் ஹில் திறந்தவெளி அருங்காட்சியகத்திலும் இவ்வாறு காக்கப்படுகின்றன. ஆனால், சாலைச் சந்திப்பிலிருந்து பிரிக்கப்பட்ட சுங்க இல்லம் தன் பொருளில் பாதியை இழக்கிறது. எனவே, இடிப்பதைத் தவிர வேறு வழி இல்லாதபோது மட்டுமே இதனை மேற்கொள்ளுதல் தகும். மூன்றாவது, அளவெடுத்து, படமெடுத்து, கணக்கேடுகளுடன் சேர்த்து ஆவணப்படுத்துவது. முதலிரு வழிகளுக்கும் இதுவே அடிப்படை.

இந்தியாவுக்கு உரிய படிப்பினை

நம் நாட்டில் இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உப்பு வரியைக் காக்க ஆங்கில ஆட்சி அமைத்த உள்நாட்டுச் சுங்கக் கோடு, சிந்து நதியிலிருந்து மகாநதி வரை ஏறத்தாழ 2,300 மைல் நீண்டிருந்தது. சுமார் 12,000 பேர் அதைக் காவல் புரிந்தனர். நெடுந்தொலைவுக்கு முள்வேலியே அரணாக இருந்தது. 1879இல் அது கைவிடப்பட்டது. கோடிக்கணக்கான ஏழைகளின் உணவைத் தொட்ட அவ்வமைப்பின் தடயங்கள் ஏறத்தாழ முற்றிலும் அழிந்துபோயின.

இதே நிலை மீண்டும் ஏற்படக்கூடும். 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் பல மாநிலங்கள் எல்லைச் சோதனைச் சாவடிகளை அகற்றின. 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் மின்னணு முறைக் கட்டணம் கட்டாயமாக்கப்பட்டது. போக்குவரத்து விரைவு பெறுவதற்கு இம்மாற்றங்கள் தேவையே. ஆனால் 1958ஆம் ஆண்டுப் பழங்கால நினைவுச் சின்னங்கள் சட்டம், நூறாண்டு நிறைந்தவற்றையே பழஞ்சின்னங்களாகக் கருதுகிறது. பயனிழந்த சாவடியோ நூறாண்டு காத்திருப்பதில்லை; சாலை விரிவாக்கத்தின் முதல் நாளிலேயே இடிக்கப்பட்டுவிடும்.

எல்லாச் சாவடிகளையும் காக்க வேண்டும் என்பதன்று. அது இயலாது, தேவையுமன்று. இடிப்பதற்கு முன் கணக்கெடுப்பது, வரைபடத்தையும் கட்டணப் பலகையையும் பதிவேடுகளையும் ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பது, வகைக்கு ஒன்றேனும் நிற்கவிடுவது ஆகிய மூன்றும் சாலைத் திட்டத்தின் பகுதியாகவே அமைய வேண்டும். இதற்கு ஆகும் செலவு சாலைச் செலவில் மிகச் சிறு பங்கே. பொதுச் செலவுக்குப் பணம் எவ்வாறு திரட்டப்பட்டது, அதன் சுமை யார் மீது விழுந்தது என்பதை வருங்கால மாணவர் ஏட்டில் மட்டுமன்றி இடத்திலும் கண்டறிய வேண்டுமாயின், சாலை அமைக்கும் அலுவலரே அச்சான்றின் முதற் காவலராக இருத்தல் வேண்டும்.