முதல் சின்னம் சமையலாக இருக்க வேண்டாம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பசறைக்கு மேலே இருக்கும் உன் தோட்டப் பாடசாலையில் சாரணியர் குழு தொடங்கப் போகிறாய் என்று அறிந்து மனம் நிறைந்தது. திறமைச் சின்னங்களில் எதை முதலில் எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று சமையலையும் குழந்தைப் பராமரிப்பையும் நினைத்திருக்கிறாய். அக்கா சொல்வதைக் கேள். அவை இரண்டையும் பின்னுக்கு வை.

இந்தச் சின்னங்கள் வந்த வழியைக் கொஞ்சம் பார். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1908இல் சிறுவர்களுக்காகச் சாரணியம் பற்றிப் புத்தகம் எழுதினார். அதை வாசித்த சிறுமிகள் யாரையும் கேட்காமல் தாங்களே குழு சேர்ந்தார்கள், சாரணராகப் பதிந்தார்கள், சின்னங்களும் வாங்கினார்கள். 1909இல் இலண்டன் கிறிஸ்டல் பேலஸ் பேரணிக்கு அவர்கள் வந்து நின்றபோது இயக்கத்தால் அவர்களைத் தள்ளிவைக்க முடியவில்லை. அடுத்த வருடமே பெண்களுக்குத் தனி இயக்கம் பிறந்தது. பொறுப்பை ஏற்றவர் பேடன் பவலின் தங்கை அக்னஸ். பெண் பிள்ளைகள் முரடாகிவிடுவார்களோ என்ற பயம் அந்தக் காலத்துப் பெற்றோருக்கு நிறைய இருந்தது. அந்தப் பயத்தைத் தணிக்கும் விதமாகச் சமையல், தாதிமை போன்ற சின்னங்கள் முன்னுக்கு வந்தன. ஆனால் அதே பட்டியலில் மின்வேலை, தந்தி, விமானம் ஆகியவற்றுக்கும் சின்னங்கள் இருந்தன. அக்னஸ் பலூனில் ஏறி வானத்தில் பறந்த பெண்மணி. அவர் வைத்த பட்டியல் வேறு எப்படி இருக்கும்?

இலங்கையின் முதல் சாரணியர் குழு 1917இல் கண்டி பெண்கள் உயர் பாடசாலையில் தொடங்கியது. அப்படிப்பட்ட நகரத்துப் பாடசாலைகளில் படித்த பலருடைய வீட்டில் அடுப்படி வேலைக்கு ஆள் இருந்தது. அந்தப் பிள்ளை சோறு வடிக்கப் பழகினால் அது புதிய திறமைதான். நம் லயத்துப் பிள்ளைக்கோ அது விடியற்காலைக் கடமை. அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்கு ஓடுமுன் ரொட்டிக்கு மா பிசைந்து, தம்பியைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் உன் வகுப்புக்கு வருகிறாள். அதற்கு ஒரு சின்னம் கொடுத்தால் அவள் சந்தோஷப்படுவாள். ஆனால் உனக்கு இது போதும் என்று தோட்டம் நூற்றைம்பது வருடமாகச் சொல்லி வருவதை நாமும் சொன்னதாகிவிடும்.

முதலுதவியில் தொடங்கு. அதோடு, மண்சரிவு ஆபத்தை முன்கூட்டி அறிய மழையை அளக்கக் கற்றுக்கொடு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம் என்று அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், பலர் பெற்றோரை இழந்தார்கள். 2025 நவம்பர் டித்வா புயலிலும் பதுளை மாவட்டத்தில் மண் சரிந்து உயிர்கள் போயின.

மழைமானிக்குக் காசு வேண்டாம். நேரான பக்கங்கள் கொண்ட பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாக அதன் வாயிலேயே செருகு. அடிப்பகுதியின் வளைவு மறையும்வரை கூழாங்கல்லும் தண்ணீரும் இட்டு, அந்த மட்டத்தில் பூச்சியக் கோடு போடு. கூரைத் தண்ணீர் படாத, மர நிழல் விழாத வெளியில் அசையாமல் நிறுத்து. தினமும் காலை எட்டரைக்கு அடிமட்டத்தை வைத்து மில்லிமீட்டரில் வாசித்துக் கொப்பியில் எழுதி, மறுபடியும் கோட்டு மட்டத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. மழை விடாமல் கொட்டும் நாளில் காலைவரை காத்திருக்கக் கூடாது, மணிக்கு மணி பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்திலேயே 75 வந்தாலும் வெளியேற வேண்டியதுதான். பதின்மூன்று வயதுப் பிள்ளை இதைத் தெரிந்து வைத்திருந்தால் ஒரு லயமே அவள் பேச்சைக் கேட்கும்.

இன்னொன்று, சோதிப்பவள் நீயாக இருக்காதே. பழக்கிய ஆசிரியை ஒருத்தி, சோதிக்கும் ஆள் வேறு என்பது இந்த இயக்கத்தின் பழைய நல்ல வழக்கம். முதலுதவிக்குத் தோட்டத்து மிட்வைப்பைக் கூப்பிடு. மின்வேலைக்குத் தோட்டத் தொழிற்சாலையான ஸ்டோரில் மெஷின் பார்ப்பவரைக் கூப்பிடு. தன் மகள் வயதுப் பிள்ளை பியூஸ் கட்டுவதை அவர் நின்று பார்க்கட்டும். தேறாத பிள்ளைக்கு இரக்கப்பட்டுச் சின்னம் கொடுக்காதே, திரும்பப் பழக்கு. சீருடை வாங்க முடியாதவளைக் குழுவிலிருந்து நிறுத்தாதே. சீருடைக்கும் சப்பாத்துக்கும் ஒரு தாய் எத்தனை நாள் வேலைக்குப் பேர் போட வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

சமையல் சின்னம் என்றைக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்துப் பாடசாலையில் ஆண் பிள்ளைகள் சாரணர் குழு நடத்துகிறார்கள் அல்லவா, அவர்கள் அதை முதலில் எடுக்கட்டும்.

ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் உன் தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு மழைமானியும் அதற்குப் பொறுப்பாக ஒரு பிள்ளையும் இருக்கும்படி செய், தங்கச்சி.

அன்புடன்,
அக்கா