எடை நோட்டு

மணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது 45 நாள் நாய்க்குட்டி. மறுநாளே முதல் தடுப்பூசி போட்டுவிட்டோம். அந்தத் தைரியத்தில் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போனேன்; பிள்ளைகள் மண்ணில் விட்டு விளையாடினார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அவன் சோற்றைத் தொடவில்லை. மதியம் வாந்தி. இரவு ரத்தமாகப் பேதி. பார்வோ என்றார் டாக்டர். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினோம். நான்காம் நாள் விடியும் முன்பே என் மடியில் போய்விட்டான்.

"ஊசி போட்டோமே டாக்டர்" என்று நான் அழுததும் அவர் உட்காரவைத்து விளக்கினார். தாயின் சீம்பாலிலிருந்து குட்டிக்கு வந்த எதிர்ப்புச் சக்தி, நாம் போடும் தடுப்பு மருந்தையும் வேலை செய்ய விடாது. அது எந்த நாளில் கரையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். "அதெல்லாம் முடியுற வரைக்கும் தெரு மண்ணுல கால் படக் கூடாதும்மா. தெருவைக் காட்டணும்னா தோள்ல தூக்கிட்டுப் போங்க."

பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயிலுக்கெல்லாம் சாகாது. பிளீச்சிங் பவுடர் கரைத்து வீடு முழுக்கக் கழுவினேன். அதன் பிறகும் ஓராண்டு காத்திருந்துதான் அடுத்த நாய்க்குட்டி கருப்பியைக் கொண்டுவந்தேன்.

அவளுக்காக வாங்கிய 40 பக்க நோட்டு இன்னும் இருக்கிறது. தேதி, எடை, போட்ட மருந்து. தடுப்பூசிக் குப்பியின் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கி ஒட்டிவிடுவேன். "ஊசி போட்டாச்சு" என்று சொல்லிக் குட்டியைக் கொடுப்பவர்களிடம் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். குடற்புழு மருந்தின் அளவும் எடையைப் பொறுத்ததுதான். குட்டியாக இருக்கும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, ஆறு மாதத்துக்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று கொடுத்து வந்தோம்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில் முதலாவது, பிறகு டாக்டர் குறித்துத் தரும் தேதியில் தவறாமல். வீட்டைவிட்டு இறங்காத பூனைக்கும் அது வேண்டும். அறிகுறி தென்பட்ட பிறகு அந்த நோய்க்கு வைத்தியமே இல்லை. கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கருப்பிக்குக் கருத்தடை செய்யத் தயங்கினேன். "ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே" என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். கருத்தடை செய்யாத எதிர்வீட்டு ஏழு வயது நாய், பருவம் முடிந்து ஒரு மாதத்தில் ஓயாமல் தண்ணீர் குடித்துச் சுருண்டு படுத்தது. கருப்பையில் சீழ் கட்டியிருந்தது. நள்ளிரவில் அறுவை செய்து பிழைக்கவைத்தார்கள். அந்த வாரமே கருப்பிக்குத் தேதி வாங்கினேன்.

கோடையில் உண்ணி. காது மடிப்பு, விரல் இடுக்கு இரண்டிலும் தினமும் விரல்விட்டுப் பார்ப்பேன். ஞாயிறுதோறும் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பேன். ஈறு வெளுத்து, சாப்பாடும் இறங்காவிட்டால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைமேல் தடவிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமாலும் அப்படித்தான்.

பூனை என்றதும் சின்னுதான் நினைவுக்கு வருகிறாள். அவளைக் கூடையில் அடைத்து ஆட்டோவில் கொண்டுபோவதற்குள் வீடே ரணகளமாகும். அதனாலேயே ஐந்து வருடம் டாக்டரிடம் காட்டவில்லை. நன்றாகத்தான் இருந்தாள், அல்லது நான் அப்படி நம்பினேன். பதினோராம் வயதில் ஒருநாள் பைகளை எடை போடும் தொங்கு தராசில் கூடையோடு மாட்டிப் பார்த்தேன். கூடையைக் கழித்தால் 3.5 கிலோ. நோட்டில் கடைசியாக எழுதியிருந்தது 4.2. அறுபது கிலோ மனிதர் பத்துக் கிலோ இளைத்ததற்குச் சமம். ரோமம் மறைத்ததால் தினமும் தடவிக்கொடுத்த என் கைக்கே தெரியவில்லை. டாக்டரிடம் கொண்டுபோனால், ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலை போன பிறகுதான் பெரும்பாலும் அது ஏறும் என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. சிறுநீர் நீர்த்துப்போவது அதற்கும் முன்பே தெரியவருமாம். செலவு குறைந்த அந்தப் பரிசோதனையை முன்னதாகவே செய்திருக்கலாம்.

உணவை மாற்றி, தோலுக்கடியில் திரவம் ஏற்றி, இன்னும் இரண்டரை வருடம் எங்களோடு இருந்தாள். இப்போது கூடை எப்போதும் ஹாலில் திறந்தே கிடக்கிறது, உள்ளே பழைய துண்டோடு. புதிதாக வந்த பூனை அதில்தான் தூங்குகிறது. ஆட்டோ வந்தால் கூடைக் கதவைச் சாத்துவது மட்டுமே என் வேலை.

கருப்பிக்கு ஒன்பது வயது. ஏழிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை ரத்தம், சிறுநீர், பல் எல்லாம் பார்க்கிறோம். இரவில் அவள் அயர்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து எண்ணுவேன். நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டக் கூடாது. நேற்று இருபத்திரண்டு. நோட்டில் எழுதிவிட்டு விளக்கை அணைத்தேன்.