மாறட்டும், பயப்படாதீர்கள்!

கேள்வி: தமிழ்வழியில் படித்த என் மகள் சென்னைக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். விடுதி வாழ்க்கை அவளை மாற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன சொல்லி அனுப்புவது?
– ஒரு தாய், செஞ்சி

பதில்: மாறத்தானே அம்மா அனுப்புகிறீர்கள்! முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடம் மிரட்டும். புரியாததை அன்றைக்கே கேட்டுவிடச் சொல்லுங்கள். விட்டால் அரியராக வந்து நிற்கும். பெரும்பாலான கல்லூரிகளில் 75 சதவீத வருகைப்பதிவு கட்டாயம். ராகிங்கைப் பொறுத்துப்போக வேண்டாம். 1997-லேயே தமிழ்நாட்டில் தடைச்சட்டம் வந்துவிட்டது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் வழி சொல்லி வையுங்கள்.

தீபாவளிக்கு வருபவள் உங்களிடம் எதிர்க்கேள்வி கேட்டால் பதறாதீர்கள். பிள்ளை கெட்டுப்போகவில்லை, யோசிக்கத் தொடங்கியிருக்கிறாள்.