மூடியில் இருக்கிறது காவல்

கேள்வி: அமெரிக்காவில் மருத்துவக் கஞ்சாவைக் கடைகளில் எப்படிப் பொட்டலம் போட்டுத் தருகிறார்கள்?

பதில்: 1996-லேயே அதை அனுமதித்த கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே கடைக்காரரே அள்ளிப் பொட்டலம் கட்டக் கூடாது. சீல் வைத்த பாக்கெட்டாகத்தான் சரக்கு கடைக்கு வரவேண்டும். யாராவது முன்பே பிரித்திருந்தால் பார்த்ததும் தெரிய வேண்டும். குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாத உறை அவசியம். பல டப்பாக்களில் மூடியை அழுத்திக்கொண்டே திருகினால்தான் திறக்கும். முக்கோணத்துக்குள் கஞ்சா இலையும் ஆச்சரியக்குறியும் கொண்ட முத்திரை கட்டாயம். கார்ட்டூன் படமோ, 'மிட்டாய்' என்ற சொல்லோ கூடாது. தின்பண்டமாக விற்றால், ஒரு வேளைக்கான அளவில் போதைப்பொருளான டிஎச்சி 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நோயாளிக்கு மருந்தாவது பிள்ளைக்கு நஞ்சாகலாம். அதனால், எவ்வளவு நல்ல மூடியானாலும் டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டிவைப்பதே பாதுகாப்பு.